கிளெனிஸ் நோஸ்கேயின் கமிட்டி

ஆட்டுப்பண்ணைக்காரி கிளெனிஸ் நோஸ்கேயின் மேட்டில் முளைக்கும் புல்லைக் காயவைத்துப் புகைத்தால் கடவுள் நேரில் வந்து கைகுலுக்கிவிட்டுப் போவார் என்று விரபின் என்ற எங்கள் சிற்றூரில் ஒரு பேச்சு உண்டு. எனக்கு இதைச் சொன்னவள் பேக்கரி ரேலீன். அவளுக்குச் சொன்னவன் பால் டாங்கர் ஓட்டுகிறவன். அவனுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

"அந்த மேட்டுல ஆடுங்க எல்லாம் டான்ஸ் ஆடுதாமே," என்றாள் ரேலீன், கறி அடைத்த பேஸ்டியைக் காகிதப் பையில் போட்டபடி. "நீதான் மாட்டாஸ்பத்திரியில இருக்கியே செழியா, உண்மையா பொய்யா?"

நான் அப்போது விரபினின் கால்நடை மருத்துவமனையில் முகப்பு மேசைக்குப் புதிது. போன் எடுப்பதும் மருந்து எடுத்துக் கொடுப்பதும் என் வேலை. கிளெனிஸுக்கு மாதாமாதம் பெட்டி பெட்டியாக எதையோ கொடுத்து அனுப்புகிறவனும் நானே. எனவே அந்தக் கேள்வியைக் கேட்டதும் போலீஸ் வரும், என் பெயரைக் கேட்கும், எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொல்லும், பிறகு விசா என்னாகும் என்றெல்லாம் மனம் ஓடியது.

எங்கள் டாக்டர் ஃபெனெல்லாவிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். மேசையில் சிந்தியிருந்த காபியை விரலால் இழுத்து ஓர் அறுகோணமும் பக்கத்தில் ஓர் ஐங்கோணமும் வரைந்தாள். அதிலிருந்து ஒரு வால்.

"இதுதான் டி.எம்.டி. சிட்டியில பசங்க தேடி அலையற போதை. இந்த ஓரத்துல ஒரு ஆக்சிஜனும் ஒரு கார்பனும் ஒட்டிக்கிட்டா அது இன்னொருத்தன். அவனும் கிளெனிஸோட புல்லுல இருக்கான், அவன் குடும்பத்துல இன்னும் ரெண்டு மூணு பேரும் இருக்காங்க. மனுஷனுக்கு இவங்க பேரே தெரியாது. ஆட்டுக்கு நல்லாத் தெரியும்."

கல்லூரியில் வேதியியல் படித்தவன் நான். அந்தக் காபிக் கோட்டைப் பார்த்ததும் தமிழில் ஒரே சொல்தான் தோன்றியது: பங்காளி. ஒரே வீட்டில் பிறந்தவன், பெயர் வெளியே தெரியாதவன், தெரிய வரும்போது வம்போடு வருகிறவன்.

அந்தப் புல்லுக்கு ஃபலாரிஸ் என்று பெயர். கோடை முழுவதும் செத்ததுபோல் கிடக்கும். இலையுதிர்காலத்தின் முதல் மழை விழுந்ததும் மேடெல்லாம் பச்சை ஊசி குத்தும். அந்தப் பச்சையில்தான் பங்காளி குடியிருக்கிறான். மெல்ல மெல்லத் தின்ற ஆட்டுக்கு நரம்பு கெடும். தலை ஆட ஆரம்பிக்கும், முன்னங்கால் மடங்கும், முயல்போல் தத்திவிட்டுப் பக்கவாட்டில் சரியும். பசியோடு பாய்ந்து தின்ற ஆட்டுக்கு அந்த அவகாசமும் கிடையாது. நின்ற இடத்தில் விழுந்து போய்விடும். நான் கொடுத்தனுப்பும் பெட்டியில் இருப்பது கோபால்ட் குண்டு. ஆட்டின் தொண்டைக்குள் குழாய் வைத்துத் தள்ளிவிட்டால் வயிற்றில் தங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். தலையாட்டம் வராமல் காக்கும். திடீர்ச் சாவை அது தடுக்காது. திடீர்ச் சாவைத் தடுக்க விரபினில் இருப்பது ஒன்றே ஒன்று: கிளெனிஸின் கமிட்டி.

கமிட்டி என்பது காயடித்த கிழட்டுக் கிடாய்களின் ஒரு சிறு கூட்டம். ரோமத்துக்குப் பெரிதாக ஆகாது, கறிக்கு யாரும் கேட்க மாட்டார்கள். மழை விழுந்து பச்சை கிளம்பியதும் கிளெனிஸ் அவற்றைத்தான் முதலில் மேட்டுக்குள் விடுவாள். அவை சில நாள் மேய்ந்து, நின்று, படுத்து, எழுந்து காட்டவேண்டும். அதன்பிறகுதான் மந்தைக்குக் கதவு திறக்கும். அதுவும் வைக்கோல் தின்று வயிறு நிரம்பிய மந்தைக்கு.

ஒவ்வொரு கிடாய்க்கும் ஊரில் ஒருவருடைய பெயர். ஃபுட்டி என்கிற ஊர்க் கால்பந்து கிளப்பின் பழைய தலைவர், தீயணைப்புப் படைக் கேப்டன், பாதிரியார். முதலில் இது கேலி என்று நினைத்தேன். பிறகு புரிந்தது, கிளெனிஸின் கமிட்டியில் இடம் கிடைப்பது ஊரில் ஒரு மரியாதை. பேக்கரி வரிசையில் நின்றுகொண்டு கேட்பார்கள்.

"கிளெனிஸ், நான் எப்படி இருக்கேன்?"

"நல்லாத் தின்னுறே. போன வாரம் கொஞ்சம் கழிச்சல். இப்ப தேவலை."

"கால் நொண்டுறேன்னு சொன்னாங்களே?"

"குளம்பு வெட்டிவிட்டேன். பொண்டாட்டிகிட்ட சொல்லி உன்னோடதையும் பாத்துக்கோ."

கிளெனிஸ் குட்டையான உடம்பு. வெயிலில் வெந்த கழுத்து. கணவன் எர்ரலின் தொப்பியை அவன் போன பிறகும் போட்டுக்கொண்டிருப்பாள், அது காதை மூடும். யாராவது அவளிடம் அந்த விஷப்புல்லை உழுது தள்ளிவிடச் சொன்னால் குனிந்து ஒரு கொத்தைப் பிடித்து இழுத்துக் காட்டுவாள். வராது.

"பாத்தியா? ஆளுயரத்துக்கு மேல வேர் போகுது. இது வர்றதுக்கு முன்னாடி இந்த மேடு ஒவ்வொரு வறட்சிக்கும் காத்தோட கிளம்பி ஊருக்குள்ள போய் உக்காரும். ரேலீன் மாவு சலிக்கிறப்ப என் மண்ணையும் சேத்துத்தான் சலிப்பா. இதுதான் பிடிச்சு வெச்சிருக்கு. எர்ரல்கூட என்னை இவ்வளவு கெட்டியாப் பிடிச்சதில்ல."

அதே புல் அவளுக்கு என்ன செய்தது என்பதும் ஊருக்குத் தெரியும். எர்ரல் இறந்த வருடம். துக்கம் ஒரு பக்கம், வறட்சி ஒரு பக்கம். முதல் மழை விழுந்து பச்சை தெரிந்ததும், வற்றிப்போய் நின்ற சினையாடுகளைப் பார்க்கப் பொறுக்காமல் கதவைத் திறந்துவிட்டாள். இந்தப் பக்கத்து ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது. கோடை முழுவதும் பச்சைக்காக வானத்தைப் பார்த்துக் கிடந்துவிட்டு, பச்சை வந்த அன்று அதை நம்பாமல் இருக்க யாருக்கு மனம் வரும்? மறுநாள் காலையில் மேடெங்கும் வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன.

ஓடைக்கு அந்தப் பக்கம் எர்ரலின் தம்பி மெர்வ் பண்ணை வைத்திருக்கிறான். கல்யாணம் செய்துகொள்ளாதவன். யாரும் கூப்பிடாமலே டிராக்டரோடு வந்தான். குழி தோண்டினான். ஒன்றொன்றாக இறக்கி மூடினான். அந்த வருடம் மிஞ்சிய ஆடுகள் குட்டி போட்டு முடியும்வரை ஒவ்வொரு காலையும் வந்து வேலி ஓரம் நடந்து, சிக்கிய குட்டியை இழுத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் போவான். ஒரு வார்த்தை பேசியதில்லை.

அடுத்த வருடம் கிளெனிஸ் கமிட்டியை ஆரம்பித்தாள். அதன் முதல் கிடாய்க்கு, இருப்பதிலேயே நிதானமானதற்கு, மெர்வ் என்று அவன் பெயரையே வைத்தாள். அதன்பிறகு எந்த முதல் மழைக்கும் அவள் ஊர் முழுக்கப் போன் போடாமல் இருந்ததில்லை. "வயித்த ரொப்பிட்டு விடுங்க. என் ஆளுங்க முதல்ல தின்னு காட்டட்டும்." இதைக் கேட்காமல் விரபினில் யாரும் கதவைத் திறப்பதில்லை.

புகை வதந்தியை நம்பி நகரத்திலிருந்து தாடி வைத்த இரண்டு பேர் ஒருமுறை அவளிடமே வந்துவிட்டார்கள். நான் குண்டுப் பெட்டியோடு அங்கே இருந்தேன். அவர்கள் மரியாதையாகத்தான் கேட்டார்கள். கொஞ்சம் புல் வேண்டும், சும்மா ஆராய்ச்சிக்கு.

"வாங்க கண்ணுங்களா, உள்ள வாங்க," என்றாள் கிளெனிஸ், தாய்மாதிரி. அவர்களை மெர்வ் கிடாயிடம் அழைத்துப் போனாள். அந்தப் பிடிவாதக்காரக் கிடாய் ஒருமுறை கோபால்ட் குண்டைக் கக்கிவிட்டிருந்தது. யாரும் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு அதற்குத் தலையாட்டம் வந்து நிற்கவே இல்லை. எங்களைப் பார்த்ததும் ஆமாம் ஆமாம் என்று ஆட்டியது. இரண்டடி வந்தது. முட்டி மடங்கி, மூக்கு மண்ணில் இடித்து, ஒருக்களித்து விழுந்து காற்றை உதைத்தது. பிறகு எதுவுமே நடக்காததுபோல் எழுந்து நின்று மறுபடி ஆமாம் என்றது.

"உங்க ஆளு இவன்தான். கேளுங்க, கடவுளைப் பாத்தானான்னு."

தாடிக்காரர்களில் ஒருவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"பாவம்னு தோணுதா? அப்ப அந்த வைக்கோல் கட்டைத் தூக்கி வண்டியில போடுங்க. அவனுக்கு இப்ப அதுதான் வேணும்."

சாயங்காலம்வரை இருவரும் வைக்கோல் ஏற்றினார்கள். லாமிங்டன் கேக்கும் டீயும் கொடுத்து அனுப்பினாள்.

இதெல்லாம் நல்ல காலம். கெட்டது ஃபுட்டி கிளப்பின் விருந்தில் நடந்தது. பார் மேசையைச் சுற்றி எல்லோரும் நின்றிருந்தோம். ரோமம் கத்தரிக்கும் டாஸ், மூன்றாவது கிளாஸோ நான்காவதோ, மெர்வின் தோளில் கைபோட்டான்.

"மெர்வ், உன் பேர்ல இருக்கறவன் எதைச் சொன்னாலும் தலையாட்டுறானாமே! யோவ், நீ கல்யாணமே பண்ணல, அவன் எங்கய்யா புருஷன் வேலையைக் கத்துக்கிட்டான்?"

கூடமே வெடித்தது. கிளெனிஸும் சிரித்தாள். குரூரமாக இல்லை, தும்மல்போல் வந்துவிட்டது. ஆனால் மெர்வ் அவளைத்தான் பார்த்தான். கையிலிருந்த பீரைப் பாதியில் மேசைமேல் வைத்தான். விரபினில் பீரைப் பாதியில் வைத்துவிட்டுப் போகிறவன் சும்மா போகவில்லை என்று அர்த்தம்.

அன்றிலிருந்து அவன் அவளுக்கு விரல் தூக்குவதில்லை. இங்கே எதிரெதிரே வண்டி வந்தால் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவோம். தெரிந்தவன், தெரியாதவன், தபால்காரன், எல்லோருக்கும். என்னைப்போல் எங்கிருந்தோ வந்தவனுக்குக்கூட முதல் வாரத்திலேயே அந்த விரல் கிடைத்துவிட்டது. மெர்வ் அண்ணன் மனைவிக்கு மட்டும் அதை நிறுத்திவிட்டான். அவள் போனையும் எடுப்பதில்லை. தேவாலயத்தில் வேறு வரிசையில் போய் உட்காருவான்.

"போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடேன்," என்று ஃபெனெல்லா கிளெனிஸிடம் சொல்லிப் பார்த்தாள்.

"என்னன்னு சொல்றது? ஆட்டுக்கு உன் பேர் வெச்சது உன்மேல இருக்கற மரியாதையிலன்னா? சொன்னா இன்னும் கேவலமா இருக்கும்."

இந்த வருடம் கோடை நீண்டுவிட்டது. மெர்விடம் வைக்கோல் தீர்ந்தது. தானியம் வாங்கிப் போட்டுப் போட்டு அவன் ஆடுகள் எலும்பும் தோலுமாக நின்றன, எல்லாம் நிறைசினை. போன வருடம் அவன் ஓடையோரம் புதிதாக ஃபலாரிஸ் விதைத்திருந்தான். புது ரகம், விஷம் குறைவு என்று சொல்லி விற்றார்கள். குறைவுதான், இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அதே விதையைக் கிளெனிஸும் ஒரு துண்டு நிலத்தில் போட்டிருந்தாள்.

போன வாரம் மழை வந்தது. பச்சை வந்தது. கிளெனிஸ் வழக்கம்போல் எல்லோருக்கும் போன் போட்டாள், மெர்வ் எடுக்கவில்லை. அவளுக்காக ஃபெனெல்லா அழைத்தபோது எடுத்தான். "என்ன, கமிட்டி கூட்டம் போட்டு முடிவு பண்ணிட்டீங்களா? இது வேற ரகம். என் ஆடு, என் புல்லு. வெள்ளிக்கிழமை தானியம் தீருது, சனிக்கிழமை கதவு திறக்கறேன்," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டானாம்.

நேற்று வெள்ளி. இன்று காலை நான் குண்டுப் பெட்டியோடு கிளெனிஸ் வீட்டுக்குப் போனேன். இரவெல்லாம் மறுபடி பெய்திருந்தது. நான் தாண்டிய பிறகு ஓடையில் தண்ணீர் ஏறித் தரைப்பாலத்தை மூடிவிட்டது. திரும்பிப் போக முடியாதே, கிளினிக்கை யார் திறப்பது என்ற கவலையோடு முற்றத்தில் வண்டியை நிறுத்தினேன். கிளெனிஸ் தன் பிக்கப் வண்டியின் பின்கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். பின்னால் சாக்கு விரித்து மெர்வ் கிடாய் கிடந்தது. வாயோரம் நுரை காய்ந்திருந்தது. தலை முதன்முறையாக ஆடாமல் இருந்தது.

"புது ரகத்துலதான்," என்றாள். "நேத்து சாயங்காலம் நல்லாத்தான் நின்னான். காலையில போய்ப் பாக்கறேன், விழுந்து கிடக்கான். வாயில இன்னும் புல்லு." கிடாயின் காதை நீவிவிட்டாள். "மெர்வ் செத்துட்டான்னு மெர்வ்கிட்ட எப்படிப்பா சொல்றது?"

அவள் சிரிக்கப்போகிறாளா அழப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டையும் செய்யாமல் வண்டியில் ஏறினாள். "ஏறு."

மேட்டின் உச்சிக்குப் போனோம். என் போனுக்கு அங்கே சிக்னல் கிடையாது, அவளுடையதற்கு மட்டும் உச்சியில் இரண்டு கோடு வரும். கீழே ஓடை, பால் விட்ட டீ நிறத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு அப்பால் மெர்வின் நிலம். பச்சைப் பாய் விரித்த ஒரு வேலிக்குள் ஓர் ஆடும் இல்லை. வேலிக் கதவுக்கு இந்தப் பக்கம், வெறும் மண்ணில், மந்தை முழுவதும் மூக்கை நீட்டிக்கொண்டு நெருக்கியடித்து நின்றது. கத்தல் எங்கள் மேடுவரை வந்தது. மெர்வின் வெள்ளை வண்டி வீட்டிலிருந்து கதவை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"திறந்துடுவான்," என்றேன். என் குரல் கீச்சென்றது. "கத்திப் பாக்கலாமா?"

"தண்ணி சத்தத்துல கேக்காது."

"ஃபெனெல்லாவைக் கூப்பிட்டு, அவங்க மூலமா..."

"அவ கன்னு ஈற்றுல கையை விட்டிருப்பா. கிளினிக்ல போன் எடுக்கறது யாரு?"

"நான்."

"நீ எங்க நிக்கறே?"

மறுபக்கம் சுற்றிப் போனால் மத்தியானம் ஆகும். அவள் ஏற்கெனவே அலைபேசியைக் காதில் வைத்துவிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி போட்டாள். நின்றது.

"என் பேரைப் பாத்துட்டு எடுக்கமாட்டேங்கறான்." மூக்கை உறிஞ்சினாள். "அந்த ஆடுங்க செத்தா அவன் பண்ணையே போச்சு, செழியா. அதுகூடப் பரவால்ல, சமாளிப்பான். காலையில தனியாப் போய் அதைப் பாக்கணுமே. எனக்கு அன்னிக்குக் குழி வெட்ட அவன் இருந்தான். அவனுக்கு யாரு இருக்கா?"

"நீங்க இருக்கீங்க."

"நான் ஓடைக்கு இந்தப் பக்கம்ல இருக்கேன்."

வண்டிக்குள் கையை விட்டு ஹாரனை அழுத்தினாள். விடவில்லை. அந்த ஒற்றைச் சத்தம் மேட்டிலிருந்து உருண்டு போனது. காக்கட்டூக் கிளிக் கூட்டம் ஒன்று திட்டிக்கொண்டே மரத்திலிருந்து கிளம்பியது. ஒரு கை ஹாரனில், ஒரு கையால் மூன்றாம் முறையாகப் போன் போட்டாள். தொலைநோக்கியை என்னிடம் தள்ளினாள். "பாத்துச் சொல்லு."

பார்த்தேன். வெள்ளை வண்டி கதவருகே நின்றது. மெர்வ் இறங்கினான். ஆடுகள் அவனைச் சுற்றி அலைபோல் எழும்பின. சங்கிலியில் கை வைத்தான்.

"சங்கிலியப் பிடிச்சுட்டான்," என்றேன்.

"போன்?"

"இன்னும் இல்ல. இருங்க. சட்டைப்பையைத் தொடறாரு. எடுத்துட்டாரு. பாக்கறாரு."

கிளெனிஸ் ஹாரனை விட்டாள். சட்டென்று வந்த அமைதியில் ஓடையும் ஆடுகளும் மட்டும். அவள் வண்டியின் பின்பக்கம் ஏறி, செத்த கிடாயின் பக்கத்தில், சாக்கின்மேல் நிமிர்ந்து நின்றாள். எர்ரலின் தொப்பியைக் கழற்றிக் காலடியில் போட்டாள். நரைத்த தலை காற்றில் பறந்தது.

"கிடாயைப் பத்தி முதல்ல சொல்லப்போறதில்ல," என்றாள், என்னிடமா தன்னிடமா தெரியாது. "அன்னிக்குச் சிரிச்சேனே, அதை முதல்ல சொல்லணும். அவன் எடுத்தா."

மெர்வ் தலையைத் தூக்கினான். ஓடைக்கு மேலாக எங்கள் மேட்டைப் பார்த்தான். ஒரு கையில் சங்கிலி, ஒரு கையில் போன். கிடாயை அவனால் அங்கிருந்து பார்க்க முடியாது. வண்டியின்மேல் தொப்பியில்லாமல் நிற்கிற ஒரு குட்டையான உருவம் தெரிந்திருக்கும், அவ்வளவுதான்.

கிளெனிஸ் போனைக் காதிலிருந்து எடுக்காமல் மற்றக் கையை உயர்த்தினாள். கையை ஆட்டவில்லை. எதிரே வண்டியில் வருகிறவனுக்குத் தூக்குவதுபோல் ஒரே ஒரு விரல். அத்தனை தூரத்துக்கு அது எப்படித் தெரியும்? தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். இறக்கவில்லை.

அவள் காதோரத்திலிருந்து அந்த மணிச்சத்தம் எனக்கும் கேட்டுக்கொண்டிருந்தது. அடித்தது. நின்று, மறுபடி அடித்தது.